பொது இடத்தில் உங்களைப் படம் எடுத்தால் சட்டம் என்ன சொல்கிறது?

பேருந்துக்காகக் காத்து நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் போனை உங்கள் பக்கம் திருப்பிப் படம் எடுக்கிறார். எடுக்கலாமா? "பொது இடம்தானே, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்பார் ஒருவர். "என்னைக் கேட்காமல் என் முகத்தை எடுக்க யாருக்கும் உரிமை இல்லை" என்பார் இன்னொருவர். இருவரும் உறுதியாகத்தான் சொல்வார்கள். ஆனால் இருவர் சொல்வதும் பாதிதான் சரி.

மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுப் பிசைவதால்தான் இந்தக் குழப்பம். படம் எடுக்கலாமா என்பது முதல் கேள்வி. எடுத்ததை நாலு பேர் பார்க்க வெளியிடலாமா என்பது இரண்டாவது. அதை வைத்து விளம்பரம் செய்யலாமா, பொருள் விற்கலாமா என்பது மூன்றாவது. பல நாடுகளில் முதல் கேள்விக்குச் சட்டம் தாராளமாக இடம் கொடுக்கிறது. மூன்றாவதற்குக் கறாராக இருக்கிறது. நடுவில் உள்ள இரண்டாவது கேள்வியில்தான் நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு. பெரிய வழக்குகளில் பலவும் அங்கேதான் நடந்திருக்கின்றன.

கேமரா கையில் வந்த காலம்

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு படம் எடுப்பதென்றால் கனமான பெட்டி, முக்காலி, எடுக்கப்படுபவரின் பொறுமை எல்லாம் வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் அவரைப் படம் எடுப்பது அபூர்வம். கையடக்கக் கேமரா அதை ஒரேயடியாக மாற்றிவிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1890 டிசம்பரில், சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் ஹார்வர்ட் லா ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நொடியில் எடுக்கப்படும் புகைப்படங்களும் பத்திரிகைகளும் மனிதரின் அந்தரங்கத்துக்குள் நுழைந்துவிட்டன, அவரைத் தொந்தரவின்றி விட்டுவைக்கும்படி கேட்க ஓர் உரிமை வேண்டும் என்பது அவர்கள் வாதம். தனியுரிமை பற்றிய இன்றைய பேச்சுக்கு அந்தக் கட்டுரைதான் தொடக்கப்புள்ளி என்று பலரும் சொல்வார்கள்.

கட்டுரை வந்ததும் நீதிமன்றங்கள் மாறிவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தை, அவளைக் கேட்காமலே, ஒரு மாவு விளம்பரத்தில் சுமார் 25,000 பிரதிகள் அச்சிட்டு ஊரெங்கும் ஒட்டினார்கள். அவள் வழக்குப் போட்டாள். 1902இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், நாலுக்கு மூன்று என்ற கணக்கில், அப்படி ஓர் உரிமையே சட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டது. மக்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது: உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரையோ படத்தையோ, அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல், விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. 1903இல் வந்த அந்த விதியின் சாரம் இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கிறது.

ஜெர்மனியில் கதை வேறு. 1898இல், ஜெர்மன் அரசின் முன்னாள் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் இறந்த இரவில் இரண்டு புகைப்படக்காரர்கள் அவர் அறைக்குள் அத்துமீறி நுழைந்து உடலைப் படம் எடுத்து விற்கப் பார்த்தார்கள். நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் அத்துமீறி நுழைந்ததை வைத்துத்தான் தடுக்க முடிந்தது. படம் என்பதற்கே பாதுகாப்புத் தரும் சட்டம் அப்போது இல்லை. அந்த விவாதத்தின் விளைவாக 1907இல் ஒரு சட்டம் வந்தது: ஒருவரின் படத்தை அவர் சம்மதத்தோடுதான் பரப்பலாம், பொதுவில் காட்டலாம். விதிவிலக்குகளும் உண்டு. வரலாற்று முக்கியத்துவம் உள்ளவர்கள், ஊர்வலம், கூட்டம், அப்புறம் ஓர் இடத்தைக் காட்டும் படத்தில் தற்செயலாக ஓரமாக விழுந்தவர்கள்.

அமெரிக்கச் சட்டம் வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டது. ஜெர்மன் சட்டம் பரப்புவதையே பிடித்துக்கொண்டது. நூறு வருடத்துக்குப் பிறகும் இந்த இரண்டு பாதைகளும் சேரவில்லை. அதனால்தான் ஒரு நாட்டில் சாதாரணமாக நடக்கும் காரியம் இன்னொரு நாட்டில் வழக்காகிறது.

எடுப்பது

அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் பொதுத் தெருவில் நின்றுகொண்டு, அங்கிருந்து கண்ணுக்குத் தெரிவதைப் படம் எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை; அதில் மனிதர்கள் இருந்தாலும் அப்படித்தான். இந்தியாவிலும் தெருவில் ஒருவரைப் படம் எடுப்பதையே பொதுவாகத் தடை செய்யும் தனிச்சட்டம் கிடையாது. தன்னை நாலு பேர் பார்க்கும்படி தெருவுக்கு வந்தவர், பார்க்கப்படுவதை எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறார் என்பது இதன் அடிப்படை.

எல்லோரும் இப்படி நினைக்கவில்லை. ஹங்கேரியில் 2014இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத்தின்படி, வெளியிட மட்டுமல்லாமல் எடுக்கவும் சம்மதம் வேண்டும். கூட்டத்தை எடுப்பதும், பொதுவாழ்வில் இருப்பவர் பொதுவில் தோன்றும்போது எடுப்பதும் விலக்கு. ஜப்பான் உச்ச நீதிமன்றம் 1969இலேயே, தன் முகத்தையும் தோற்றத்தையும் சம்மதமின்றிக் கண்டபடி படம் எடுக்கப்படாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்று சொன்னது. ஊர்வலம் போன மாணவர்களைப் போலீஸ் படம் எடுத்த வழக்கு அது. அந்தச் சூழ்நிலையில் போலீஸ் எடுத்தது சரிதான் என்று தீர்ப்பு வந்தாலும், அடிப்படைச் சுதந்திரம் ஒன்று இருப்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது முக்கியமான செய்தி.

இன்னொரு குழப்பம், பொது இடம் என்பது எது என்பதில். பொதுமக்கள் புழங்கும் எல்லா இடமும் சட்டப்படி பொதுச் சொத்து ஆகிவிடாது. வணிக வளாகம், திரையரங்கு, அருங்காட்சியகம், உணவகம் எல்லாம் யாரோ ஒருவருடைய இடம். அங்கே படம் எடுக்கக் கூடாது என்று உரிமையாளர் விதி வைக்கலாம். மீறினால் வெளியே போகச் சொல்லலாம். போக மறுத்தால் அது அத்துமீறல். ஆனால் அந்த விதி உரிமையாளரின் விதி. படத்தில் இருப்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு வேறு, அது தனிக்கணக்கு.

உடைமாற்றும் அறை, கழிப்பறை போன்றவை எந்தக் கட்டடத்துக்குள் இருந்தாலும் அந்தரங்க இடம்தான். அங்கே கேமராவுக்கு எந்தச் சாக்கும் செல்லாது. பொதுத் தெருவில் நின்றுகொண்டு தொலைநோக்கு லென்ஸ் வழியாக ஒரு வீட்டு ஜன்னலுக்குள் எடுப்பதும் இதே வகை. நிற்கும் இடம் பொதுவாக இருக்கலாம். எடுக்கப்படும் இடம் அப்படி அல்ல. கலிபோர்னியா 1998இல், வீட்டுக்குள் காலடி வைக்காமல் கருவியின் உதவியால் உள்ளே எட்டிப்பார்த்து எடுப்பதையும் அத்துமீறலாகவே கருதும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இளவரசி டயானா, புகைப்படக்காரர்கள் துரத்திவந்த கார் விபத்துக்குள்ளாகி இறந்திருந்தார்.

எப்படி எடுக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துபோவது ஒன்று. ஒருவரையே நாள்தோறும் பின்தொடர்ந்து எடுப்பது வேறு. பின்தொடர்வதும் தொல்லை கொடுப்பதும் பல நாடுகளில் தனிக் குற்றங்கள். கேமரா கையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் குற்றம் குறைந்துவிடாது.

வெளியே வந்தாலும் கூடவே வரும் தனியுரிமை

வீட்டு வாசலைத் தாண்டியதும் தனியுரிமை முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த நினைப்புதான். சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை.

1995இல் இங்கிலாந்தின் பிரெண்ட்வுட் நகரில், கடுமையான மனச்சோர்வில் இருந்த ஒருவர் கையில் கத்தியோடு இரவில் தெருவில் நடந்து போனார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டார். நகராட்சியின் சிசிடிவி கேமராவில் அவர் பதிவானார். பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் போலீஸுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் வந்து காப்பாற்றினார்கள். அதுவரை கேமரா நல்ல காரியம்தான் செய்தது. பிறகு, சிசிடிவியின் பயனை விளக்குவதற்காக நகராட்சி அந்தப் பதிவைப் பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் கொடுத்தது. முகம் சரியாக மறைக்கப்படவில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். உள்நாட்டு நீதிமன்றங்கள் கைவிரித்தன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2003இல் அவர் பக்கம் நின்றது. தெருவில் அப்போது நடந்துபோன சிலர் பார்ப்பதற்கும், ஆயிரக்கணக்கானோர் திரையில் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அவர் எதிர்பார்த்திருக்கக் கூடிய அளவைத் தாண்டி அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப்பட்டார் என்று அது சொன்னது.

இந்தத் தீர்ப்பில் ஒரு விஷயம் தெளிவு. கேமரா பதிவு செய்ததில் தவறில்லை. பதிவு போய்ச் சேர்ந்த இடத்தில்தான் தவறு. சமூக ஊடகத்தில் தினமும் நடப்பதும் இதுதான். தெருவில் அழுதுகொண்டு நின்றவர், மயங்கி விழுந்தவர், கோபத்தில் நிலைதவறிப் பேசியவர். அந்த நிமிடத்தில் அங்கிருந்த பத்துப் பேர் பார்த்தது வேறு, லட்சம் பேர் பார்ப்பது வேறு. பார்த்த பத்துப் பேர் மறந்துவிடுவார்கள், வீடியோ மறக்காது.

பிரபலமானவர்களுக்கும் இது பொருந்தும். மாடல் நவோமி கேம்ப்பெல் போதைப் பழக்கத்திலிருந்து மீளும் கூட்டத்துக்குப் போய்விட்டு வெளியே வரும்போது ஒரு பத்திரிகை தெருவில் வைத்து அவரைப் படம் எடுத்து வெளியிட்டது. 2004இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பால் வாங்கக் கடைக்குப் போகும் படம் என்றால் அதில் அந்தரங்கம் எதுவும் இல்லை; சிகிச்சைக்குப் போய்வரும் படம் அப்படியல்ல என்று தீர்ப்பில் விளக்கினார் நீதிபதி பாரனெஸ் ஹேல். அதே ஆண்டு மொனாக்கோ இளவரசி கரோலின் வழக்கில், அவர் குதிரை ஓட்டுவது, கடைக்குப் போவது போன்ற அன்றாடப் படங்களை வெளியிட்டதால் பொதுநலன் சார்ந்த எந்த விவாதத்துக்கும் பயன் இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. எட்டு ஆண்டு கழித்து, அவருடைய இன்னொரு வழக்கில், படம் உண்மையான ஒரு செய்தியோடு சேர்ந்து வந்ததால் தீர்ப்பு மறுபக்கம் போனது. ஆள் யார் என்பதைவிட, இந்தப் படம் எதற்காக என்பதையே நீதிபதிகள் அதிகம் எடைபோடுகிறார்கள்.

பெண்களுக்கு நேரும் கொடுமை ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ரயிலிலும் படிக்கட்டிலும் பாவாடைக்கு அடியில் கேமராவை நீட்டி எடுக்கும் வழக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2014 மார்ச்சில், இதைச் செய்த ஒருவர் மீதான வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் வாசகம், ஆடையில்லாமலோ அரைகுறையாகவோ இருப்பவரைத்தான் குறிக்கிறது. ரயிலில் ஆடையோடு நிற்கும் பெண்ணுக்கு அது பொருந்தாது என்பது காரணம். பெண்ணின் உடல் பொது இடத்தில் இருந்தால் அது பொதுப் பொருளா என்ன? மாநிலச் சட்டசபை மறுநாளே கூடித் திருத்தம் நிறைவேற்றியது. அதற்கடுத்த நாள் ஆளுநர் கையெழுத்திட்டார். இங்கிலாந்து 2019இலும், ஜெர்மனி 2021இலும் இதைத் தனிக் குற்றமாக்கின. ஜப்பான் 2023இல் மறைந்து பாலியல் நோக்கில் எடுப்பதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது.

இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு இந்த இடத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம் எடுப்பதும் வெளியிடுவதும் அனுப்புவதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த நேரத்தில் அவர் இருந்தது பொது இடமா தனி இடமா என்பது பொருட்டல்ல என்று பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. ஒளிந்திருந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் 2013 முதல் தனிக் குற்றம்; இப்போது, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு. 2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. அந்த உரிமை மனிதரைச் சார்ந்தது, இடத்தைச் சார்ந்தது அல்ல. பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றி நின்று வீடியோ எடுப்பது எல்லா ஊர்களிலும் நடக்கிறது. ஜெர்மனி 2015இல், உதவியற்ற நிலையில் இருப்பவரைக் காட்சிப்பொருளாக்கிப் படம் எடுப்பதைக் குற்றமாக்கியது. 2021இல் இறந்தவர்களையும் அதில் சேர்த்தது. இங்கே எடுப்பதே குற்றம், வெளியிடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மற்ற நாடுகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் கருத்து.

கலை, செய்தி, விளம்பரம்

ஒரே மாதிரியான இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மான்ட்ரியல் நகரில் ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் 17 வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு புகைப்படக்காரர் அவளை எடுத்தார். ஒரு கலைப் பத்திரிகை வெளியிட்டது. படத்தில் ஆபாசமோ அவமதிப்போ எதுவும் இல்லை. நண்பர்கள் கேலி செய்ததால் அவள் வழக்குப் போட்டாள். 1998இல் கனடா உச்ச நீதிமன்றம், கியூபெக் மாநிலச் சட்டப்படி, படத்தின் மையப்பொருளாக ஒருவர் இருந்தால் வெளியிட அவர் சம்மதம் வேண்டும், கலை என்பது மட்டும் போதாது என்று சொல்லி 2,000 டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது. கூட்டத்தில் ஒருவராகத் தற்செயலாக விழுந்திருந்தால் கதை வேறு என்றும் சொன்னது.

நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக் கலைஞர், மறைவாக விளக்குகளைப் பொருத்தி, தூரத்திலிருந்து வழிப்போக்கர்களின் முகங்களை எடுத்தார். அதைக் காட்சிக்கு வைத்தார், பத்துப் பிரதிகள் மட்டும் அச்சிட்டு ஒவ்வொன்றையும் 20,000 டாலருக்கும் மேல் விற்றார். படத்தில் இருந்த ஒருவர், தன் மதநம்பிக்கைக்கு இது எதிரானது என்று வழக்குப் போட்டார். 2006இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. விற்பனைக்கு வந்தாலும் அது கலைதான், 1903 சட்டம் சொல்லும் வியாபாரம் அல்ல என்பது தீர்ப்பு.

எனக்கு இரண்டு தீர்ப்பிலும் நியாயம் தெரிகிறது. தெருப் புகைப்படம் இல்லாவிட்டால் கடந்த நூற்றாண்டு மனிதர்கள் எப்படி உடுத்தினார்கள், நடந்தார்கள், களைத்துப்போய் உட்கார்ந்தார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தப் படங்களில் பாதிக்கு மேல் பிறந்திருக்காது. ஆனால் தன் முகத்தை அந்நியர் யாரோ ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கும்போது ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாமல் நிற்கும் மனிதரின் தவிப்பும் பொய்யில்லை. பிரான்ஸ், 1970இல் சிவில் சட்டத்தில் சேர்த்த 9ஆவது பிரிவின் துணையோடு, கியூபெக் பக்கம் சாய்கிறது. அமெரிக்கா கருத்துரிமையின் பக்கம் சாய்கிறது.

விளம்பரத்தில் மட்டும் பெரிய சண்டை இல்லை. அடையாளம் தெரியும்படி ஒருவர் முகத்தை வைத்துப் பொருள் விற்க வேண்டுமென்றால், முன்னதாகவே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் இதை மாடல் ரிலீஸ் என்பார்கள். இணையத்தில் படம் விற்கும் நிறுவனங்கள் அந்தத் தாள் இல்லாமல் விளம்பரப் பயன்பாட்டுக்குப் படத்தை ஏற்பதில்லை.

அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து ஒன்று, படத்துக்குக் கீழே எழுதப்படும் வரி. தெருவில் சும்மா நடந்துபோனவரின் படத்தைப் போதைப்பொருள் பற்றிய கட்டுரைக்கோ, கடன் ஏமாற்று பற்றிய செய்திக்கோ பக்கத்தில் போட்டால், படத்தில் பொய் இல்லாவிட்டாலும் பொருளில் பொய் வந்துவிடும். பார்ப்பவர் அந்த மனிதரைத்தான் குற்றவாளி என்று நினைப்பார். இது அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கும். படம் எடுத்தது சட்டப்படி சரியாக இருந்தும் இந்த ஒரு காரணத்தால் மாட்டிக்கொள்ளலாம்.

படம் யாருடையது?

"என் முகம் இருக்கிறது, அதனால் படம் எனக்குச் சொந்தம்" என்று பலர் நினைக்கிறார்கள். பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருக்குத்தான். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம், பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரையே முதல் உரிமையாளர் ஆக்குகிறது; திருமணப் படங்கள் இதில் வரும். தெருவில் அந்நியர் எடுத்த படத்துக்கு அது பொருந்தாது. ஆகவே அந்தப் படத்தை நீக்கச் சொல்லி வலைத்தளத்துக்கு எழுதும்போது பதிப்புரிமை என்ற காரணம் எடுபடாது. தனியுரிமை என்று எழுதுங்கள். நீங்களே எடுத்த செல்ஃபியை வேறொருவர் தூக்கிப் போட்டிருந்தால் பதிப்புரிமை உங்கள் கையில் இருக்கிறது. அப்போது அதுவே வேகமான வழி.

குழந்தைகள்

குழந்தைக்குச் சம்மதம் சொல்லும் வயது இல்லை. பெற்றோரைக் கேட்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தையைப் பெற்றோரைக் கேட்காமல் புகைப்படக்காரர் எடுத்துவிட்ட கிரேக்க வழக்கில், 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், வெளியிடாவிட்டாலும் எடுத்து வைத்துக்கொண்டதே அந்தக் குழந்தையின் உரிமையை மீறியது என்று சொன்னது. இந்தியாவில் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் முகம், பெயர், பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடச் சிறார் நீதிச் சட்டமும் போக்சோ சட்டமும் தடை விதிக்கின்றன. "நீதி கேட்கிறோம்" என்ற நல்ல எண்ணத்தோடு படத்தைப் பகிர்பவர்களும் இந்தத் தடைக்குள் வருவார்கள். இதைத் தெரியாமலே நிறையப் பேர் செய்கிறார்கள்.

போலீஸை எடுக்கலாமா?

அமெரிக்காவில் பொது இடத்தில் கடமையில் இருக்கும் போலீஸாரைப் படம் எடுப்பது அரசியலமைப்பு தரும் உரிமை என்று 2011இல் பாஸ்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அவர்கள் வேலைக்கு இடைஞ்சல் செய்யாமல் இருப்பது மட்டும் நிபந்தனை. இந்தியாவில் இதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் ராணுவ நிலையம் போன்ற தடைசெய்யப்பட்ட இடங்களுக்கு 1923 அரசு ரகசியச் சட்டம் இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர் பொதுவில் செய்யும் வேலையும், சாதாரண மனிதர் பொதுவில் கழிக்கும் நேரமும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவை அல்ல.

அழிக்கச் சொல்லி வற்புறுத்துவது அடிக்கடி நடக்கும். லண்டன் பெருநகரப் போலீஸ் தன் வழிகாட்டுதலிலேயே, படங்களை அழிக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. கைது செய்யப்பட்டவரின் போனையே நீதிமன்ற ஆணை இல்லாமல் திறந்து பார்க்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. சக மனிதர்களுக்கும் அந்த உரிமை கிடையாது. உங்களைப் படம் எடுத்தவர் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அவர் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கிய நிமிடத்தில் புகார் உங்கள் மேல் திரும்பும்.

முகமே அடையாள எண் ஆகும்போது

மேலே சொன்ன சட்டங்கள் பெரும்பாலும் ஒரு படத்தை ஒரு மனிதர் பார்ப்பதை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இன்று படத்தை இயந்திரமும் பார்க்கிறது. கூட்டத்தில் ஒருவராக இருப்பதுதான் தெருவில் நமக்கு இருந்த பெரிய பாதுகாப்பு. பார்ப்பவர்களுக்கு நம் பெயர் தெரியாது. முக அடையாள மென்பொருள் அந்தப் பாதுகாப்பைத்தான் உடைக்கிறது. கிளியர்வியூ ஏஐ என்ற நிறுவனம் இணையத்திலிருந்து கோடிக்கணக்கான முகப்படங்களை யாரையும் கேட்காமல் திரட்டித் தேடுபொறி ஒன்றை உருவாக்கியது 2020இல் பரவலாகத் தெரியவந்தது. ஒருவர் படத்தைக் கொடுத்தால் அவர் முகம் இருக்கும் மற்ற படங்களையும், அவை வந்த தளங்களையும் அது காட்டும். இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் இந்த நிறுவனத்துக்கு 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2008இலேயே, முகத்தின் வடிவ அளவுகளைச் சம்மதமின்றிச் சேகரிக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தது.

ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, அடையாளம் தெரியும் முகப்படம் தனிநபர் தரவு. வீட்டு உபயோகத்துக்காக எடுப்பதற்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்குக்கு எல்லை இருக்கிறது. தன் வீட்டைக் காக்கப் பொருத்திய கேமரா பொதுத் தெருவையும் பதிவு செய்தால் அது வீட்டு உபயோகம் ஆகாது என்று முந்தைய விதிகளின் கீழேயே, 2014இல், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாசலில் கேமரா வைத்திருக்கும் எல்லோரும் அது எதுவரை பார்க்கிறது என்று ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

படக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் தகவலும் இருக்கிறது. போனில் இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த நேரமும் இடமும் படத்தோடு சேர்ந்தே பதிவாகும். சில தளங்கள் ஏற்றும்போது அதை நீக்கிவிடும். கோப்பாக நேரடியாக அனுப்பினால் அப்படியே போகும். அடுத்தவர் படத்தை அனுப்பும் முன் இதை நீக்கிவிடுவது குறைந்தபட்ச மரியாதை.

உங்கள் படம் வெளியே போய்விட்டால்

எடுப்பதைப் பார்த்துவிட்டால், அமைதியாகப் போய்க் கேளுங்கள்: எதற்கு எடுத்தீர்கள், எங்கே போடுவீர்கள், எனக்கு விருப்பமில்லை, நீக்கிவிட முடியுமா? சட்டப்படி அவர் நீக்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடங்களிலும், நேரில் கேட்டால் நிறையப் பேர் நீக்கிவிடுவார்கள். படம் எடுப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். வேண்டாம் என்று கையசைத்தவரின் படம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இணையத்தில் பார்த்தால், கோபத்தில் உடனே கருத்து எழுத வேண்டாம். அது படத்தை இன்னும் பரப்பும். அந்தரங்கப் படம் என்றால் எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் போங்கள். பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் அதற்கென்று தனிப் புகார் வழி இருக்கிறது. ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவை, படத்தை உங்கள் கருவியைவிட்டு வெளியே அனுப்பாமலே, அதிலிருந்து ஓர் எண் குறியீட்டை மட்டும் உருவாக்கி, சேர்ந்திருக்கும் தளங்களுக்குத் தெரிவித்து, அதே படம் மறுபடி ஏறாமல் தடுக்க உதவுகிறது. 18 வயது நிரம்பியவர்களுக்கு இது. அமெரிக்காவில் 2025 மேயில் கையெழுத்தான சட்டம், சம்மதமின்றிப் போடப்பட்ட அந்தரங்கப் படங்களை, செயற்கையாகச் செய்யப்பட்டவை உட்பட, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் நீக்கும்படி தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. இந்தியாவில் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் இத்தகைய புகாரைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. ஐரோப்பாவில் ஜிடிபிஆர் 17ஆவது பிரிவின் கீழ் நீக்கும்படி எழுதினால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தந்தாக வேண்டும்.

எந்த வழியில் போனாலும், நீக்கச் சொல்லி எழுதுவதற்கு முன்பு சான்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் முழுவதும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், முழு இணைய முகவரி, போட்டவரின் கணக்குப் பெயர், நீங்கள் பார்த்த தேதி, நேரம். நீக்கப்பட்ட பிறகு வழக்குக்குப் போக நினைத்தால் கையில் இருப்பது இவை மட்டுமே. குழந்தையின் அந்தரங்கப் படமாக இருந்தால் மட்டும் அதைப் பிரதி எடுக்கவே கூடாது, வைத்திருப்பதே குற்றம். முகவரியையும் கணக்குப் பெயரையும் எழுதிக்கொண்டு நேராகப் போலீஸில் சொல்லுங்கள்.